ஜன்னலுக்குக் கீழே நின்று கூப்பிடு

மாட்டுங்கா, பம்பாய்
23-2-69

சிரஞ்சீவி கிட்டுவுக்கு அம்மாவின் அநேக ஆசீர்வாதம். நாங்கள் மூவரும் கைகால் சுகமாக இருக்கிறோம். க்ஷேமம் என்று எழுதத்தான் பேனா தயங்குகிறது. ரூர்கேலாவில் நீ வேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருக்க வேண்டும்.

உன் தந்திக்கு, எல்லோரும் நலம் என்று அப்பா பதில் அடித்தார். அது முழு உண்மை இல்லை. கலகம் அடங்கிப் பத்து நாளுக்கு மேலாகிறது, பஸ் ஓடுகிறது, அப்பா ஆபீஸ் போகிறார், ஆனால் உன் தங்கை நாகு தமிழ் பேசுவதை விட்டுவிட்டாள். குற்றம் என்னுடையது. அன்று காலை, தாதரில் மதராஸி கடைகளைத் தேடித் தேடி உடைக்கிறார்கள் என்று பால்காரர் சொல்லியும், கணக்குப் பரீட்சையை விடக் கூடாது என்று அவளை அனுப்பினேன். வழியில் யார் தமிழில் கூப்பிட்டாலும் திரும்பிப் பார்க்காதே, பதில் பேசாதே என்று இரண்டு தடவை சொல்லி, அவளையும் சொல்ல வைத்தேன். மத்தியானம் பள்ளிக்கூடத்தை மூடிவிட்டார்கள். அழைத்துவர அப்பா ஓடினார். முனையில் திருவேங்கடம் மாமாவின் காப்பிக் கடை எரிந்துகொண்டிருந்தது. அந்தக் கூட்டத்துக்கு நடுவே தன் உயிரையும் நினைக்காமல் "நாகூ, எங்கேடி இருக்கே, அப்பாடீ" என்று தெருத்தெருவாகக் கத்தியிருக்கிறார். அவள் அந்தக் கடைக்குப் பத்தடி தூரத்தில் ஒரு மாடிப்படிக்கு அடியில், தண்ணீர்ப் பீப்பாய்க்குப் பின்னால் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். பதில் சொல்லவில்லை. முக்கால் மணி நேரம் கழித்து அப்பா கண்டுபிடித்து, ஏன் வாயைத் திறக்கவில்லை என்று கேட்டதற்கு, "அம்மா சொன்னாளே" என்றாளாம். அதுதான் கடைசித் தமிழ். இப்போது வீட்டிலும் இந்திதான், அதுவும் ரகசியம்போல. நாங்கள் தமிழில் ஒரு வார்த்தை பேசினால் எழுந்து போய் ஜன்னலைச் சாத்துகிறாள். வெயில் ஏறிவிட்டது, வீடு புழுங்குகிறது, திறக்க எனக்கும் மனம் வரவில்லை.

சாயங்காலம் கட்டடத்துக் குழந்தைகளையெல்லாம் நம் கூடத்தில் உட்கார வைக்கிறேன். தீப்பெட்டிகளை அடுக்கிக் கடை என்று சொல்லி இடித்து விளையாடுகிறார்கள். பக்கத்து வீட்டுப் பார்வதியம்மாள் அடிக்கப் போனாள், நான் தடுத்தேன். மனசில் இருப்பதைக் கையால் சொல்கிறதுகள், சொல்லட்டும். திருவேங்கடம் மாமா சயான் ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்ட கையோடு நேற்று வந்தார். குழந்தைகள் அந்தக் கையையே பார்த்ததும், "என் கடையிலே தோசை கருகித்துன்னு யாராவது சொன்னதுண்டா? இப்போ பாருங்கோ, கடையே கருகிடுத்து" என்றார். எல்லாம் சிரித்தன. நாகுவும் சிரித்தாள், உடனே ஜன்னலைப் பார்த்தாள்.

நான் எத்தனை சொன்னாலும் அவள் நம்ப மாட்டாள், பேசாதே என்றவளே நான்தானே. அதனால் உன்னைக் கேட்கிறேன். ஏப்ரல் லீவை முன்னாலேயே எடுத்துக்கொண்டு வா. நேரே மாடி ஏறாதே. காலேஜ் நாட்களில் செய்வாயே, அதுபோலத் தெருவில் நின்று, "நாகூ, அண்ணா வந்திருக்கேன், பையைத் தூக்க வாடீ" என்று உரக்கத் தமிழில் கூப்பிடு. தெருவில் யார் நிற்பார்களோ, யார் காதில் விழுமோ. ஆனாலும் கூப்பிடு. அவள் ஜன்னலைச் சாத்த வருவாள், நான் அதன் கதவைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன்.

தீர்க்காயுசாக இரு. என்றைக்குப் புறப்படுகிறாய் என்று உடனே கார்டு போடு. ரயிலில் மட்டும் யாரோடும் தமிழ் பேசாதே. பார், மறுபடியும் அதையே சொல்கிறேன்.

உன் அம்மா
விஜயலக்ஷ்மி