அண்ணனின் ஜீப்பில் ஒரு மழை நாள்

என் அருமை ராஜு அண்ணே,

நான் ஓமானிலிருந்து லீவில் வந்து பத்து நாளாகிறது. நமுனுகுலயில் விடாத மழை. தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுதானே நம் லயம், அதன் வாசலுக்கு வருகிறவர்களெல்லாம் ஓமானைப் பற்றி என்னிடம் கேட்கிறார்கள். கேட்டுவிட்டு உன்னைப் பற்றித்தான் பேசுகிறார்கள். நீ இறந்து இரண்டு வருடமாகியும் இந்த வீட்டுக்கு டிரைவர் நீதான். ஜீப்பில் நீ சாய்ந்து நிற்கிற படம் சுவரில் இருக்கிறது. அதே ஜீப்பில் சாய்ந்து நானும் ஒரு படம் எடுத்து அனுப்பினேன். அம்மா அதைப் போனிலேயே வைத்திருக்கிறார்.

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், உன்மேல் எனக்குப் பொறாமை. தோட்டத்து லொறியில் இரண்டு பேரும் ஒன்றாகத்தான் ஓட்டப் பழகினோம். விசா உனக்கு வந்தது. பாலைவனத்து மலை இடுக்குகளில் ஆட்களை ஜீப்பில் ஏற்றிச் சுற்றிக் காட்டுகிற வேலை. நீ லீவில் வந்து கதை சொன்னால் லயமே கூடும். ஹாலிஎலவுக்கு மரக்கறி லொறி ஓட்டிக்கொண்டிருந்த நான் ஓரமாக நின்று கேட்பேன். நீ லீவில் வந்த இடத்தில் திடீரென்று போய்ச் சேர்ந்த பிறகு, தம்பியை அனுப்பச் சொன்னார் உன் முதலாளி. உன் வேலை, உன் கட்டில், உன் ஜீப், எல்லாம் எனக்கு வந்தன. அங்கேயும் நான் ராஜுவின் தம்பிதான்.

ஒன்றை உனக்குச் சொல்லியே ஆக வேண்டும்.

போன குளிர்காலத்தில், மஸ்கட்டில் வேலை செய்கிற திருச்சிக் குடும்பம் ஒன்று வந்தது. கணவன், மனைவி, ஒரு சின்ன மகள். முன்பு உன்னோடு வந்தவர்களாம். "பதுளை டிரைவர் வரலீங்களா?" என்று உன்னைத்தான் கேட்டார் அந்தக் கணவர். நீ இறந்ததைச் சொன்னேன். அந்த அம்மா அங்கேயே அழுதுவிட்டார். ஒரே ஒரு தடவை பார்த்த மனிதனுக்காக இப்படி அழுகிறார்களே, நான் செத்தால் யார் அழுவார்கள் என்றுதான் என் மனம் போனது. நல்ல மனமா அது, சொல்?

மத்தியானம் மழை பிடித்தது. அங்கே நம் ஊர் மாதிரி மண் மழையைக் குடிக்காது. மொட்டைப் பாறையில் எங்கோ மேலே பெய்ததெல்லாம் ஒன்றாக இறங்கி, இரண்டு பக்கமும் சுவராய் நிற்கிற மலைகளுக்கு நடுவே வரும். எங்கள் பாதையும் அந்த நடுவில்தான். திரும்பி வரும்போது பாதைக்குக் குறுக்கே தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. முழங்கால் அளவு இருக்கும். ஜீப்பை நிறுத்தினேன்.

"என்னங்க, பயந்துட்டீங்களா? உங்க அண்ணனா இருந்தா இந்நேரம் அந்தப் பக்கம் போயிருப்பாரு" என்றார் அவர்.

எனக்கு நெஞ்செல்லாம் எரிந்தது. லோ கியரைப் போட்டு முன்சக்கரங்களைத் தண்ணீரில் இறக்கினேன். பின்னால் ஒரு பிள்ளை உட்கார்ந்திருக்கிற நினைப்பே இல்லை. உன்னை ஜெயிக்க வேண்டும், அவ்வளவுதான்.

கொஞ்ச தூரம் போனதும் ஸ்டியரிங் உதறியது. தண்ணீருக்கு அடியில் கற்கள் உருண்டு வந்து டயரில் மோதின. தண்ணீரின் நிறம் மாறிக்கொண்டிருந்தது. செம்மண்ணும் சுள்ளியுமாக வந்தது. மீரியபெத்தவில் மலை சரிந்து ஒரு லயமே மண்ணுக்குள் போன பிறகு, அந்த நிறத்தைக் கண்டால் தோட்டத்து ஆள் யாருக்கும் உடம்பு நடுங்கும். ரிவர்ஸ் போட்டேன். டயர் சுற்றியதே தவிர பிடிக்கவில்லை. "முருகா!" என்று அந்த அம்மா கத்தினார். மூன்றாம் தடவை பிடித்தது. மேட்டில் ஏறி, இன்னும் மேலே ஏறி நின்றோம்.

ஒரு தேத்தண்ணி குடிக்கிற நேரம்கூட ஆகியிருக்காது. இந்த மலைக்கும் அந்த மலைக்குமாகத் தண்ணீர் அடைத்துக்கொண்டு வந்தது. ஜீப் நின்றிருந்த இடத்தின் மேல் ஒரு முழு மரம் உருண்டு போனது.

அந்த அம்மா வானத்தைப் பார்த்துக் கும்பிட்டார். "உங்க அண்ணன்தாங்க நம்மளக் காப்பாத்திட்டாரு."

ரிவர்ஸ் போட்டது என் கை, அண்ணே! அதற்கும் பேர் உனக்கா?

பொழுது சாயத் தண்ணீர் வடிந்தது. மூன்று பேரையும் பத்திரமாகக் கொண்டுபோய் விட்டேன். பொறாமையில்தான் ஜீப்பை இறக்கினேன் என்று அவர்களிடம் சொல்லத் தைரியம் வரவில்லை.

நேற்று அடுப்படியில் அம்மாவிடம் மறைக்காமல் சொன்னேன். திட்டுவார் என்றுதான் நினைத்தேன். அம்மா விறகை உள்ளே தள்ளிவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"அவனா இருந்தா தாண்டத்தான் பாத்திருப்பான்டா. அவனுக்கு எதுலதான் பயம் இருந்துச்சு? நெஞ்சு வலிக்குதுன்னு சொன்னப்ப, பதுளை ஆஸ்பத்திரிக்கு வாடான்னு கெஞ்சினேன். வெறும் வாயுதாம்மான்னு சிரிச்சான். நீ பயந்து திரும்பி வந்தியே, அது போதும் எனக்கு. பயந்தவனாவே இரு சாமி."

என் தலையைத் தடவினார். உன்னை ஜெயித்துவிட்டேன் என்று ஒரு நொடி சந்தோஷப்பட்டேன். மறுநொடியே அழுகை வந்துவிட்டது. அன்றைக்கு ஒரே ஒரு தடவை நீ பயந்திருக்கக் கூடாதா?

அடுத்த வாரம் திரும்பிப் போகிறேன். உன்னைக் கேட்டு வருகிறவர்களிடம் இனி முகத்தைச் சுளிக்காமல் நானே உன் கதைகளைச் சொல்வேன். பொறாமை போய்விடும் என்று சொல்ல முடியாது. ஆனால் அதை ஏற்றிக்கொண்டு ஒரு நாளும் ஸ்டியரிங்கைத் தொட மாட்டேன். இது அம்மா மேல் சத்தியம்.

உன் கூடப்பிறந்த தம்பி,
சிவா