கூப்பிட்டால் மட்டும்

ஆகஸ்ட் 19

அன்புள்ள கொசுவுக்கு,

நான் சுகமாக இருக்கிறேன். நீயும் மாப்பிள்ளையும் சுகம் என்று நானே முடிவு செய்துகொண்டேன்; நீ எழுதி நான்கு மாதம் ஆகிறதே.

கடைசியில் நம் பழைய வீட்டுக்கே வந்துவிட்டேன். தொலைபேசி நிலையத்தில் முப்பத்திரண்டு வருஷம் ஊரார் குரலைக் காதில் மாட்டியிருந்தது போதும் என்று இங்கே போனே வைக்கவில்லை. உனக்குக் கோபம் வரும். வரட்டும், கோபத்திலாவது கடிதம் எழுதுவாய்.

கூரை ஒழுகவில்லை. சமையலறை ஜன்னல் மட்டும் சாத்த வராமல் மக்கர் பண்ணுகிறது. குத்தகைக்காரர் ஒரு முழம்கூட விடாமல் சுவர்வரைக்கும் மக்காச்சோளம் போட்டிருக்கிறார். நான் வந்தபோது இடுப்பளவு இருந்தது, இப்போது என் தலையைத் தாண்டிவிட்டது. எதிரே இருந்த சாலை காணாமல் போய்விட்டது. பகலில் வீட்டுக்குள் ஒரு பச்சை வெளிச்சம், தண்ணீருக்கடியில் உட்கார்ந்திருப்பதுபோல.

ஒன்று சொல்கிறேன், சிரிக்காதே. பிற்பகல் இரண்டு மணி வாக்கில் காற்று அடியோடு நின்றுவிடுகிறது. அப்போது ஒரே ஒரு வரிசைத் தோகை மட்டும் அசைகிறது. சோளக்காட்டின் நடுவிலிருந்து வீட்டை நோக்கி, ஆள் நடந்து வருகிற வேகத்தில். ஜன்னலுக்குப் பத்தடி முன்னால் நின்றுவிடுகிறது. குத்தகைக்காரரிடம் பன்றியா என்று கேட்டேன். பன்றி என்றால் தட்டையை முறித்துப் போட்டிருக்கும் என்றார்.

மாப்பிள்ளையின் முழங்கால் எப்படி?

உன் அக்கா


செப்டம்பர் 3

அன்புள்ள அக்கா,

முழங்கால் பரவாயில்லை, வாய்தான் ஓயவில்லை. எனக்கும் வேலை தலைக்கு மேல். இந்த மாதம் மட்டும் நாற்பது பல் செட்டு முடித்துக் கொடுக்க வேண்டும். ஊரிலே கிழவர்கள் எல்லோரும் ஒரே நாளில் சிரிக்க ஆசைப்பட்டார்கள் போல.

நீ அந்த வீட்டுக்குப் போனது எனக்குப் பிடிக்கவில்லை. முதலில் டாக்டரிடம் கண்ணைக் காட்டு, பிறகு காதைக் காட்டு, தனியாக இருக்காதே. இதையெல்லாம் சொல்லி முடித்துவிட்டேன். இப்போது சொல்லாததைச் சொல்கிறேன்.

எனக்கு அப்போது நான்கு வயது, எல்லாம் மறந்திருக்கும் என்று நீயும் நம்மை வளர்த்த சித்தியும் நினைத்துவிட்டீர்கள். நான் மறக்கவில்லை. அந்தக் காட்டுக்குள் மண்ணில் குப்புறக் கிடந்தோம். என் கழுத்தைத் தோகை அறுத்தது. அம்மா கூப்பிட்டாள், எனக்கு நன்றாகக் கேட்டது. நான் எழுந்தேன். நீ என்னைக் கீழே இழுத்து வாயைப் பொத்தினாய். அம்மா கூப்பிட்டும் நாம் போகவில்லை. அதற்குப் பிறகு அம்மா இல்லை.

ஏன் என்று இதுவரை உன்னைக் கேட்டதில்லை. இப்போது கேட்கிறேன்.

கொசு


செப்டம்பர் 15

என் கண்ணே,

உன் கடிதத்தை மூன்று நாள் பிரிக்காமல் வைத்திருந்தேன். கையில் கனத்தது.

துப்பாக்கியோடு ஆட்கள் அப்பாவைத் தேடி வந்த வருஷம் அது. அப்பா முன்பே ஓடிவிட்டார். பிள்ளைகளைப் பிடித்தால் அவரே வந்துவிடுவார் என்று திரும்பி வந்தார்கள். வண்டிச் சத்தம் கேட்டதும் அம்மா நம் இருவரையும் காட்டுக்குள் இழுத்துப் போய்ப் படுக்க வைத்தாள். என் முகத்தைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்: "நான் கூப்பிட்டா மட்டும் வெளிய வாங்க." பிறகு வீட்டுக்குத் திரும்பி நடந்தாள்.

கொஞ்ச நேரம் கழித்துக் கூப்பிட்டாள். ஆனால் பூனை, கொசு என்று நம் செல்லப் பெயர்களைச் சொல்லிக் கூப்பிடவில்லை. பிறப்புப் பதிவேட்டில் இருக்கும் பெயர்களைச் சொல்லிக் கூப்பிட்டாள். பிறந்த நாளிலிருந்து அவள் வாயில் அந்தப் பெயர்கள் வந்ததே இல்லை. உனக்கு அப்போது பதிவேட்டுப் பெயர் என்று ஒன்று இருப்பதே தெரியாது. யாரோ பக்கத்தில் நின்று கூப்பிடச் சொல்கிறார்கள், அம்மா நம்மை வராதே என்கிறாள் என்று புரிந்துகொண்டேன். மூன்று முறை கூப்பிட்டாள். நான்காவது முறை இல்லை.

எனக்கு ஒன்பது வயது. புரிந்துகொண்டது சரிதானா என்று இன்றுவரை தெரியாது. பயத்தில் நாக்குக் குழறி அப்படிக் கூப்பிட்டிருந்தால்? அவர்கள் போய்விட்டார்கள், வாருங்கள் என்றே கூப்பிட்டிருந்தால்? உன்னிடம் சொன்னால் இந்தக் கேள்வி உனக்கும் வரும் என்றுதான் வாயைத் திறக்கவில்லை.

இன்னொன்று. நேற்றுக் குத்தகைக்காரர் வாசலில் வந்து தலையைச் சொறிந்துகொண்டு நின்றார். "ஏங்க, உங்க வீட்ல கொசுன்னு யாராவது உண்டா?" என்று கேட்டார். நம் இருவருக்கும் வரும் போகும் கடிதங்களின் உறையில் அந்தப் பெயர் இருப்பதில்லை. நான் அவரிடம் சொன்னதும் இல்லை. காட்டுக்குள் ஒரு பெண் குரல் மூன்று நாளாக "பூனை, கொசு, வாங்கடி" என்று கூப்பிடுகிறதாம். ஆட்கள் மதியத்துக்கு மேல் உள்ளே போக மறுக்கிறார்களாம்.

எனக்குப் பதினொரு நாளாகக் கேட்கிறது. என் காதோடு போகட்டும் என்றிருந்தேன். ஆயிரம் குரல் கேட்ட காது இது. அம்மாதான்.

உன் அக்கா


செப்டம்பர் 27

அக்கா,

வேலை செய்யும் இடத்தில் நின்றுகொண்டே படித்தேன். கையிலிருந்த பல் அச்சு விழுந்து நொறுங்கிவிட்டது. முதலாளி திட்டியதுகூடக் காதில் விழவில்லை.

முதலில் சண்டை. நாற்பத்தொன்பது வருஷம் நீ ஒரு வரி சொல்லியிருக்கலாம். ஒவ்வொரு பிறந்த நாளிலும் உன்னைப் பார்க்கும்போது என் வாயைப் பொத்திய அந்தக் கைதான் எனக்குத் தெரிந்தது. உன் கல்யாணம் நின்றுபோனபோதுகூட, சொல்லவே வெட்கமாக இருக்கிறது, நன்றாக வேண்டும் என்று ஒரு நிமிஷம் நினைத்தேன். சொல்லியிருந்தால் உன்னோடு சேர்ந்து அழுதிருப்பேன். தூரதேசத்துக்கு ஓடி வந்திருக்கமாட்டேன்.

சண்டை முடிந்தது. நீ செய்தது சரி. உன் கையால்தான் நான் உயிரோடு இருக்கிறேன்.

இப்போது கெஞ்சுகிறேன், உள்ளே போகாதே. குரல் அம்மாவுடையதாகவே இருக்கட்டும். கூப்பிடுவது யார் என்று உனக்கு எப்படித் தெரியும்? அன்றைக்கு அவர்களுக்குத் தெரியாமல் இருந்த பெயர்களை இத்தனை வருஷத்தில் எதுவோ கற்றுக்கொண்டிருந்தால்?

அக்டோபர் பதினான்காம் தேதி விமானம் ஏறுகிறேன். அதுவரை ஜன்னல் பக்கம் போகாதே. பஞ்சு வைத்துக் காதை அடைத்துக்கொள். சொன்ன பேச்சைக் கேள், ஒரு தடவையாவது எனக்குத் தங்கையாக இரு.

உன் கொசு


அக்டோபர் 9

என் கொசுவுக்கு,

உன் கடிதம் இன்று காலை வந்தது. "நீ செய்தது சரி" என்ற வரியை எத்தனை முறை படித்தேன் என்று கேட்காதே.

காடு காய்ந்துவிட்டது. தோகைகள் காகிதம்போலச் சரசரக்கின்றன. நாளை அறுப்பு. நீ வரும்வரை ஒரு வாரம் தள்ளிப் போடச் சொன்னேன். மழைக்குறி தெரிகிறது, முடியாது என்கிறார் குத்தகைக்காரர். அவர் பிழைப்பு அவருக்கு.

அறுத்துவிட்டால் கூப்பிடுபவளுக்கு நிற்க இடம் இருக்காது.

நீ கேட்டதற்கு எனக்குப் பதில் தெரியாது. யாரோ, எதுவோ. ஆனால் போகாமல் இருந்து ஒரு தடவை பார்த்துவிட்டேன். அது எப்படி இருக்கும் என்பது எனக்குத் தெரியும்.

சாவி குத்தகைக்காரரிடம் இருக்கும். பரணில் உனக்குக் கம்பளி வைத்திருக்கிறேன். இங்கே காலையில் குளிர்கிறது.

உன் அக்கா


நவம்பர் 6

அன்புள்ள அக்கா,

இதை எந்த விலாசத்துக்கு அனுப்புவது என்று தெரியாததால் சமையலறை மேஜையில் வைக்கப்போகிறேன்.

உன் கடைசிக் கடிதம் வருவதற்குள் நான் கிளம்பிவிட்டேன். உன் மாப்பிள்ளை அதை இங்கே திருப்பி அனுப்பினார். நடந்ததைக் குத்தகைக்காரர்தான் சொன்னார். அந்தக் கடிதம் எழுதிய அன்றே இரண்டு மணிக்கு நீ வாசலைத் தாண்டிக் காட்டுக்குள் இறங்கினாயாம். அவர் கத்தினாராம், நீ திரும்பிப் பார்க்கவில்லையாம். "அவசரமா போகலீங்க. யாரோ கையைப் புடிச்சுக் கூட்டிட்டுப் போற மாதிரி, ஒரு கையை முன்னால நீட்டிக்கிட்டே போனாங்க," என்றார். சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை.

மற்ற மூன்று பக்கமும் வரப்பில் ஆட்கள் இருந்தார்கள். உள்ளேயிருந்து யாரும் வெளியே வரவில்லையாம். மறுநாள் அறுப்பு இயந்திரத்தை நிறுத்திவிட்டுப் பன்னிரண்டு பேர் அரிவாளால் நான்கு பக்கமிருந்தும் அறுத்துக்கொண்டு நடுவே போனார்கள். கடைசியில் ஒரு பாய் அகலம் சோளம் நின்றது. அதையும் அறுத்தார்கள். வெறும் மண்தான் இருந்தது. போலீஸ் நாய் அந்த இடம்வரை வந்து படுத்துக்கொண்டதாம், இழுத்தும் எழவில்லையாம்.

நான் வந்தபோது வெட்டவெளி. ஜன்னலில் சாலை தெரிந்தது, பஸ் போவது தெரிந்தது. தினமும் இரண்டு மணிக்கு அறுத்த கட்டைகளுக்கு நடுவே போய் நிற்கிறேன். ஒரு சத்தமும் இல்லை. உன் மாப்பிள்ளை திரும்பி வரச் சொல்லி மூன்று கடிதம் போட்டுவிட்டார். வரவில்லை என்று எழுதிவிட்டேன். வேலையையும் விட்டுவிட்டேன்.

போன வாரம் குத்தகைக்காரர் வந்தார். இனி கடலைதான் போடப்போகிறாராம், தரையோடு கிடக்கும், கண்ணை மறைக்காது என்றார். அவர் சொன்னதில் தப்பில்லை. ஆனால் நான் மக்காச்சோளமே போடச் சொன்னேன்.

"யோசிச்சுத்தான் சொல்றீங்களா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

நேற்று விதை விழுந்தது. ஆளுயரம் வர அறுபது நாள் ஆகுமாம். இருக்கிறேன்.

உன் தங்கை
கொசு