பூதக்கண்ணாடி வீட்டுப் பெட்டி

மார்ச் 3

ரீஸ்டார்ட் அவர்களுக்கு,

நீங்கள் அனுப்பிய பரிசு வந்து சேர்ந்தது. இத்துடன் அதைத் திருப்பி அனுப்புகிறேன். செத்துப்போன கம்ப்யூட்டர் மவுஸுக்குத் தங்க பெயின்ட் அடித்து, மரக்கட்டையில் ஒட்டி, வருடா வருடம் யாராவது ஒருவர் வீட்டு மெஷினுக்கு அனுப்பும் உங்கள் வேலை எனக்கும் வேடிக்கையாகத்தான் இருந்தது. போன வருடம் 'சிங்கிள் சாக்ஸ்' என்ற புனைபெயர்க்காரர் வீட்டு வாஷிங் மெஷினுக்கு அது கிடைத்தபோது நம் இணைய மன்றத்தில் முதலில் கைதட்டியவள் நான்தான்.

ஆறு வருடமாக உங்களைத் தம்பி என்று கூப்பிட்டவள் இன்று 'அவர்களுக்கு' என்று எழுதுகிறேன். காரணம் இருக்கிறது. மன்றத்தில் எழுதினால் நானூறு பேர் படிப்பார்கள். அதனால்தான் கடிதம்.

பார்சல் வந்தபோது நான் கண்ணாடிக் கடையில் ஒரு அம்மாவுக்குப் பவர் பார்த்துக்கொண்டிருந்தேன். வீட்டில் வாங்கிப் பிரித்தவர் என் கணவர். கட்டையில் நீங்கள் எழுதியிருந்தீர்கள்: 'இந்த ஆண்டின் மகா மக்கு இயந்திரம்: பூதக்கண்ணாடி வீட்டுப் பெட்டி.' கீழே நம் சில்லறை எரிச்சல் மன்றத்தின் முகவரி. அவர் அதைப் பிடித்துக்கொண்டு உள்ளே போய், அந்தப் பெட்டியைப் பற்றி நான் போட்ட நாற்பத்து மூன்று பதிவுகளையும் ஒன்றுவிடாமல் படித்திருக்கிறார்.

நீங்கள் எல்லோரும் நினைத்துக்கொண்டிருப்பதுபோல் அது கேட்ட பாட்டைப் போடுகிற பெட்டி இல்லை. என் கணவருக்குத் தொண்டையில் கட்டி வந்தது. நவம்பரில் குரல்வளையையே எடுத்துவிட்டார்கள். அவர் தட்டுகிறதை, கூடவே போடுகிற முகப் பொம்மையையும் சேர்த்து, அந்தப் பெட்டி வாய்விட்டுப் படிக்கும். 'சூப்பில் உப்பு இல்லை. கோபமான முகம்' என்று சொன்னது மெஷின் இல்லை, அவர். நீங்கள் இரண்டு மாதமாக எல்லாப் பதிவுக்கும் கீழே 'கோபமான முகம்' என்று எழுதிச் சிரிக்கிறீர்களே, அது அவருடைய கோபம். மருந்துக்கடையில் அவருடைய போன் நம்பரை அது 'தொள்ளாயிரத்து எண்பத்து நாலு கோடியே' என்று ஆரம்பித்து உரக்க வாசித்தபோது கடை முழுக்கத் திரும்பிப் பார்த்ததும் அவரைத்தான்.

இருபத்தைந்து வருடம் கார் ஓட்டச் சொல்லிக்கொடுத்தவர். அவர் 'பிரேக்கு!' என்று ஒரு சத்தம் போட்டால் அடுத்த தெருவில் போகிற வண்டியும் நிற்கும். இப்போது அந்தப் பெட்டியை மேஜை டிராயருக்குள் போட்டு மூடிவிட்டார். ஆறு நாளாகிறது. எழுதிக் காட்டுவதும் இல்லை. நான் ஏதாவது கேட்டால் தலையை ஆட்டுகிறார், அவ்வளவுதான்.

தப்பு உங்களுடையது இல்லை என்று எனக்குத் தெரியும். பெட்டி என்று எழுதியவள் நான். ஆனாலும் யாரையாவது திட்ட வேண்டும்போல் இருக்கிறது. என்னை நானே திட்டிக்கொண்டு அலுத்துவிட்டது. மன்றத்திலிருந்து விலகிக்கொள்கிறேன்.

பூதக்கண்ணாடி


மார்ச் 9

அன்புள்ள அக்காவுக்கு,

நீங்கள் 'அவர்களுக்கு' என்று எழுதினாலும் எனக்கு அக்கா என்றுதான் எழுத வருகிறது.

உங்கள் கடிதத்தை ஆபீசில் வைத்துப் பிரித்தேன். என் வேலை உங்களுக்குத் தெரியும். கம்ப்யூட்டர் மக்கர் பண்ணினால் எல்லோரும் எனக்குத்தான் போன் போடுவார்கள், நான் 'ரீஸ்டார்ட் பண்ணிப் பாத்தீங்களா?' என்பேன். அன்றைக்கு நாலு பேர் கூப்பிட்டார்கள், ஒருவருக்கும் பதில் சொல்லவில்லை. நாலு பேருடைய கம்ப்யூட்டரும் தானாகவே சரியாகிவிட்டதாம். என் வேலையின் லட்சணம் அது. பாருங்கள், மன்னிப்புக் கேட்க உட்கார்ந்தாலும் கேலிதான் முன்னால் வந்து நிற்கிறது. எனக்கு வேறு பாஷை தெரியவில்லை அக்கா.

அந்தக் கட்டையில் 'மகா மக்கு' என்று பெயின்டில் எழுதியது என் கைதான். நினைக்க நினைக்க உடம்பு கூசுகிறது. உங்கள் வீட்டுக்காரரிடம் நான் மன்னிப்புக் கேட்டதாகச் சொல்லுங்கள்.

என்னால் முடிந்ததை உடனே செய்துவிட்டேன். பெட்டியைப் பற்றிய நாற்பத்து மூன்று பதிவுகளையும், அவற்றுக்குக் கீழே நாங்கள் அடித்த கூத்தையும் அடியோடு அழித்துவிட்டேன். இனி யாரும் தேடினாலும் கிடைக்காது. காரணத்தை யாரிடமும் சொல்லவில்லை. 'மூணாவது மாடி' மட்டும் 'பெட்டி எங்கே, பெட்டி எங்கே' என்று குடைந்துகொண்டே இருக்கிறார். அவர் ஆபீஸ் தானியங்கிக் கதவு இன்னும் அவரை மனுஷனாக மதித்துத் திறப்பதில்லையாம். அந்தக் கதையையே திரும்பச் சொல்லச் சொல்லி வாயை அடைத்தேன்.

நீங்கள் திரும்பி வர வேண்டும் என்று கேட்க எனக்கு முகமில்லை. அவர் எப்படி இருக்கிறார் என்று ஒரு வரி எழுதுங்கள்.

உங்கள் தம்பி,
ரீஸ்டார்ட்


மார்ச் 15

தம்பி,

அவசரப்பட்டுவிட்டீர்கள்!

நேற்று நான் கடையிலிருந்து வந்து செருப்பைக்கூடக் கழற்றவில்லை, என் மூக்குக்கு நேரே ஒரு காகிதத்தை நீட்டினார். பழைய காலண்டர் தாள். பின்பக்கத்தில் கொட்டை எழுத்தில், 'யார் அழிச்சது?' என்று இருந்தது. தம்பி, பதினேழு நாளில் அவர் எனக்குச் சொன்ன முதல் வார்த்தை அது. நான் பரிசு வந்த அன்றைக்கு அவர் படித்ததோடு சரி என்று நினைத்திருந்தேன். அப்படி இல்லை. நான் வேலைக்குக் கிளம்பிய பிறகு தினமும் உட்கார்ந்து படித்திருக்கிறார். போன வாரம் ஒரு நாள் போய்ப் பார்த்தால் மொத்தமும் காணோம்.

நான்தான் காரணம் என்றேன், நீங்கள் எனக்காக அழித்தீர்கள் என்றேன். தாளைப் பிடுங்கி அடியில் எழுதினார்: 'என்னைப் பத்தி எழுதினதை என்னைக் கேக்காம எழுதினீங்க. என்னைக் கேக்காமலே அழிச்சுட்டீங்க.'

அவர் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு பால்கனிக்குப் போய்விட்டார்.

கோபமாகவாவது பேசினாரே என்று எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம். அந்தப் பதிவுகளை எப்படியாவது திரும்பக் கொண்டுவர முடியுமா? இதையாவது 'ரீஸ்டார்ட் பண்ணிப் பாத்தீங்களா' என்று கேட்காமல் செய்து கொடுங்கள்.

அக்கா


மார்ச் 21

அன்புள்ள அக்காவுக்கு,

இத்துடன் ஒரு கட்டுக் காகிதம் இருக்கிறது. முப்பத்தொன்பது பதிவுகள் என் பழைய சேமிப்பில் கிடைத்தன. நாலு அகப்படவில்லை. முழி பிதுங்கி நின்றேன். கடைசியில் வெட்கத்தை விட்டு மூணாவது மாடியிடம் கேட்டேன், தவறுதலாக அழித்துவிட்டேன் என்று மட்டும் சொன்னேன். அந்த மனுஷன் நாலையும் போனில் படம் பிடித்து வைத்திருக்கிறார்! வேலையில் அடி வாங்குகிற நாட்களில் எடுத்துப் படிப்பாராம். 'அந்தப் பெட்டி நம்மாளுங்க, அதுக்கும் யாரும் கதவு தெறக்கறதில்ல' என்றார். நான் போனை வைத்துவிட்டேன்.

எல்லாவற்றையும் ஆபீஸ் பிரிண்டரில் எடுத்தேன். உள்ளே ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லாதபோது 'காகிதம் சிக்கியுள்ளது' என்று சொல்லுமே, அதே மகராசிதான். இந்த ஒரு தடவை மறுபேச்சு பேசாமல் நாற்பத்து மூன்றையும் கொடுத்தது.

ஒன்று சொல்ல வேண்டும். நம் மன்றத்தின் இரண்டாவது விதி, 'பெரிய கஷ்டங்களுக்கு இங்கே இடமில்லை' என்பது. அதை நான் எழுதியபோது என் மனைவி விட்டுப் போய் மூன்று வாரம். பார்க்கிறவர்கள் எல்லாம் 'எப்படி இருக்க?' என்று கேட்டார்கள். அந்தக் கேள்வி கேட்காத ஒரு இடம் எனக்கு வேண்டியிருந்தது, மன்றத்தைத் தொடங்கினேன். நான் அழாமல் இருப்பதற்காக நானூறு பேருக்கும் தடை போட்டேன். அந்த விதி இல்லாமல் இருந்திருந்தால் நீங்கள் 'என் வீட்டுக்காரர்' என்றே எழுதியிருப்பீர்கள். அதற்காகத்தான் நான் மன்னிப்புக் கேட்க வேண்டும், பெயின்டுக்காக மட்டும் இல்லை. விதியை நேற்று எடுத்துவிட்டேன்.

பெட்டி யார் என்று மன்றத்தில் சொல்லலாமா? நீங்கள் சரி என்றால் மட்டும் சொல்கிறேன்.

உங்கள் தம்பி,
ரீஸ்டார்ட்


மார்ச் 29

அன்புள்ள தம்பிக்கு,

காகிதக் கட்டு வந்தது. வாங்கியவர் எண்ணிப் பார்த்தார், நாற்பத்து மூன்று சரியாக இருந்ததும் தலையை ஆட்டினார். பிறகு சிவப்புப் பேனாவைத் தேடி எடுத்தார். லைசென்ஸ் டெஸ்டுக்குப் போகிற பிள்ளைகளின் தவறுகளைக் குறிக்க வைத்திருந்த பேனா. நாலு நாளாகக் கையில் அதோடுதான் உட்கார்ந்திருக்கிறார். நான் எட்டிப் பார்த்தால் காகிதத்தைக் கவிழ்த்துவிடுகிறார்.

டிராயர் மட்டும் இன்னும் திறக்கவில்லை. அடுத்த வாரம் டாக்டர் வேறு பேச்சுப் பயிற்சிக்கு வரச் சொல்லியிருக்கிறார். அதற்குப் பெட்டி பழகியிருக்க வேண்டும். இப்படியே விட்டால் மனுஷன் பேசுவதையே விட்டுவிடுவார் என்று தோன்றுகிறது.

மன்றத்தில் சொல்லலாமா என்று கேட்டிருந்தீர்கள். அதை அவரிடம் கேளுங்கள், என்னிடம் இல்லை. அவரைக் கேட்காததால்தான் இவ்வளவும்.

ஏன் எழுதினேன் என்று நீங்களும் கேட்கவில்லை, அவரும் கேட்கவில்லை. நானே சொல்கிறேன். மத்தியானம் கடையின் பின்னறையில், கண்ணாடி ஃபிரேம் அட்டைப்பெட்டிகளுக்கு நடுவில் உட்கார்ந்து எழுதுவேன். நீங்கள் எல்லோரும் போடுகிற பதிலைப் படித்துக் கண்ணில் தண்ணீர் வரச் சிரிப்பேன். சாயங்காலம் வீட்டு வாசலில் நின்று முகத்தை நன்றாகத் துடைத்துக்கொண்டு உள்ளே போவேன். அந்த அரைமணி நேரம் இல்லாவிட்டால் நான் என்ன ஆகியிருப்பேனோ தெரியாது.

ஞாயிற்றுக்கிழமை கடை லீவு. அன்றைக்கு இதை அவரிடமும் சொல்லப்போகிறேன். இருபத்திரண்டு வருடம் கூட இருந்தவரிடம் பேச எனக்குப் பயமாக இருக்கிறது, பாருங்கள்.

அக்கா


ஏப்ரல் 8

மன்றத் தலைவர் அவர்களுக்கு,

நான்தான் மகா மக்கு இயந்திரம். உறுப்பினராகச் சேர விண்ணப்பிக்கிறேன். பெட்டி யார் என்று நீங்கள் யாரிடமும் சொல்ல வேண்டாம், நானே சொல்லிக்கொள்கிறேன். எனக்கு விரல் இருக்கிறது.

முதலில் என் ஆட்சேபணைகள். பதினேழாம் பதிவு: அந்தச் சூப்பில் நிஜமாகவே உப்பு இல்லை. இருபத்தாறாம் பதிவு: டாக்டர் ரூமுக்கு வெளியே பெட்டி ஊரைக் கூட்டுவதுபோல் 'பாத்ரூம் எங்கே' என்று கத்தியது உண்மை, ஆனால் சத்தத்தைக் கூட்டி வைத்தவள் என் மனைவி. அதை வசதியாக மறந்துவிட்டாள். முப்பத்தோராம் பதிவில் நான் தட்டியது பாதிதான், மீதி பெட்டியாகச் சேர்த்துக்கொண்டது. மற்றபடி அவள் எழுதியதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. நன்றாகவே எழுதுகிறாள். இது எனக்கு இதுவரை தெரியாது.

ஞாயிற்றுக்கிழமை என் எதிரே வந்து உட்கார்ந்தாள். "உங்களக் கேலி பண்ணணும்னு எழுதலைங்க. வேற எங்க போயி சொல்றதுன்னு தெரியல" என்றாள். பின்னறை, அட்டைப்பெட்டி, வாசலில் முகம் துடைப்பது எல்லாம் சொன்னாள். நான் எழுந்துபோய் டிராயரைத் திறந்தேன்.

என் மனைவியிடம் ஒரு கெட்ட பழக்கம் உண்டு. நான் ரெண்டு எழுத்துத் தட்டுவதற்குள் "தண்ணியா? ஜன்னலச் சாத்தணுமா? முதுகு வலிக்குதா?" என்று அவளே முடித்துவிடுவாள். எல்லாம் தப்பாக இருக்கும். நான் தட்டியதை அழித்துவிட்டுச் சும்மா இருந்துவிடுவேன். அன்றைக்கு அவள் வாயைத் திறக்கவில்லை. ரெண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எனக்கோ விரல் வரவில்லை, பழக்கம் விட்டுப்போயிருந்தது. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன், பதினோரு நிமிஷம் ஆனது. பிறகு பெட்டியைப் பேச விட்டேன்.

"நீ கேலி பண்ணது எனக்கு வலிக்கல. அத்தனையும் படிச்சு நானே சத்தமில்லாம சிரிச்சேன். ஆஸ்பத்திரில இருந்து வந்ததுல இருந்து என் எதிர்ல நீ ஒரு தடவகூட சிரிக்கல. உனக்குச் சிரிப்பே செத்துப்போச்சு, அதுக்கு நான்தான் காரணம்னு நெனச்சுட்டு இருந்தேன். யாரு எவருன்னு தெரியாத நானூறு பேரோட நீ இப்படிச் சிரிச்சிருக்க. எனக்கு வலிச்சது அதுதான். இனிமே உன் சிரிப்புல எனக்கும்... பேட்டரி ஐந்து சதவீதம் மட்டுமே உள்ளது. உடனடியாகச் சார்ஜரை இணைக்கவும். நன்றி."

அதே குரல், அதே தாளம். ஒரு மாதத்துக்கு மேல் டிராயரில் கிடந்த பெட்டி வேறு என்ன செய்யும்? நான் அவள் முகத்தைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்த்தாள். உதட்டைக் கடித்து அடக்கிப் பார்த்தாள், முடியவில்லை. பீறிட்டுக்கொண்டு சிரித்தாள். நாற்காலியிலிருந்து சரிந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, மூக்கு ஒழுகச் சிரித்தாள். எனக்குச் சத்தம் வராதே தவிர, நானும் குறைவைக்கவில்லை. ஐந்து மாதத்தில் அவள் என் எதிரே சிரித்தது அன்றைக்குத்தான்.

எங்கள் வீட்டுச் சார்ஜர் ஒயர் குட்டை. பிளக் சுவரின் அடியில் இருக்கிறது. அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு அதைச் சொருகினாள். பெட்டி எட்டுகிற இடத்தில், ரெண்டு பேரும் தரையில் தோளோடு தோள் ஒட்டி உட்கார்ந்தோம். "ம், மீதியச் சொல்லுங்க" என்றாள்.

சொன்னேன்.

இப்படிக்கு,
பெட்டிக்குச் சொந்தக்காரர்