முதலாளியம்மாவின் சம்பளம்

என்னைக் கட்டிக்கொண்ட முதலாளிக்கு,

நேரில் பேச வாயெடுத்தால் டிவி சத்தத்தைக் கூட்டுவீர்கள். அதனால்தான் எழுதுகிறேன்.

நம் ஸ்குரூ கம்பெனியை வாங்கப்போகிறவர்கள், நாம் காட்டும் லாபம் நிஜம்தானா என்று பார்க்க யென் என்ற பெண்ணை அனுப்பினார்களே. போன வாரம் அவள் உங்களிடம் கேட்டாள்: "கணக்கு, ஏற்றுமதிக் காகிதம், பன்னெண்டு தொழிலாளிங்களுக்கு மத்தியானச் சோறு, எல்லாம் யாரு பாக்குறாங்க?"

"நம்ம வீட்டம்மாதான். சும்மா கூடமாட ஒத்தாசை."

நான் தேநீர்த் தட்டோடு பக்கத்தில்தான் நின்றேன்.

"அவங்க சம்பளம் எவ்வளவு?"

நீங்கள் சிரித்தீர்கள். "முதலாளியம்மாவுக்கு எவனாவது சம்பளம் குடுப்பானா?"

அவள் சிரிக்கவில்லை. இன்று வந்த அறிக்கையில், என் வேலைகளுக்கு ஆள் வைத்தால் ஆகும் செலவை லாபத்தில் கழித்திருக்கிறாள். வருடத்துக்குப் பதினெட்டு லட்சம் தைவான் டாலர். லாபம் பாதியாகிவிட்டது, கம்பெனியின் விலையும் பாதி. "அந்தப் பொண்ணு நம்மளக் கவுத்துட்டா" என்று காலையிலிருந்து புலம்புகிறீர்கள்.

அவளா கவிழ்த்தாள்? இருபத்தாறு வருடமாக நம் காங்ஷான் ஊர் முழுக்க நீங்கள் பீற்றிக்கொண்ட லாபத்தில் பாதி என் முதுகு ஒடிந்து வந்தது.

வாங்குகிறவர்கள் கணக்கு வேலைக்கு என்னையே கேட்டார்கள், சம்பளத்தோடு. கையெழுத்துப் போட்டுவிட்டேன். சமையலுக்குத்தான் ஆள் கிடைக்கவில்லையாம். விற்ற பிறகு வீட்டில்தானே இருக்கப்போகிறீர்கள், உங்கள் பெயரைச் சொல்லியிருக்கிறேன்.

கூடமாட ஒத்தாசைதான். சம்பளம் கேட்டுவிடாதீர்கள்.

இப்படிக்கு,
தட்டோடு நின்றவள்