ஒன்பது வருடம் நான் கடந்து ஓடிய கிழவி

ஜூன் 5, திங்கள்

எழுந்ததும் முதலில் செய்தது, போனை எடுத்து என் தோழி மெரினின் பெயருக்குப் பக்கத்தில் பச்சைப் புள்ளி எரிகிறதா என்று பார்த்ததுதான். எரிந்தது. காலை ஆறே முக்கால். 'உப்புத் தீவு' கேமில் இதுவரை பதினொரு மணி நேரம். அதற்கப்புறம்தான் கணப்பில் சாம்பலை வாரினேன், டீ போட்டேன். வெளியே டேமர் ஆறே தெரியாத அளவுக்குக் குளிர்காலப் பனி.

அந்த கேமை அவளுக்கு வாங்கிக் கொடுத்ததே நான்தான். நான் ஒன்பது வருடமாக அதிலேயே கிடக்கிறேன், அறுநூற்றைம்பது மணி நேரம். முதல்முறை ஆடுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வயிறு எரியும். கப்பல் உடைந்து கரையொதுங்கி, தூரத்தில் சுழலும் கலங்கரை விளக்கைப் பார்த்து, அங்கே காவல்காரன் இருக்கிறான், காப்பாற்றுவான் என்று நம்பி மெரின் இப்போது நடந்துகொண்டிருப்பாள். அந்த நம்பிக்கை எனக்கு இனிக் கிடைக்காது. எத்தனை முறை புதிதாகத் தொடங்கினாலும் கிடைக்காது.

ஜூன் 7, புதன்

எளிய நிலையில் ஆடுகிறாளாம். நூலகத்தில் என் மேசைக்கே வந்து கூச்சமில்லாமல் சொன்னாள். "நாள் பூரா வீடு வீடாப் போய்ப் புண்ணுக்குக் கட்டுப் போடுறேன்டி. சாயங்காலம் வந்து கேம்ல நாய்ங்ககிட்டக் கடி வேற வாங்கணுமா?"

இந்த கேம் ஆடும் எங்கள் குழுவின் மாத மடலில் நான் எழுதியிருக்கிறேன்: எளிய நிலையில் ஆடுபவர்கள் சுற்றுலாப் பயணிகள், தீவு அவர்களுடையது ஆகாது. அதை அவளிடம் சொல்லவில்லை. ஆனால் நிம்மதியாக இருந்தது. அவள் பார்ப்பது என் தீவு இல்லை.

ஜூன் 10, சனி

பப்பின் பின்னறையில் மாதக் கூட்டம். எட்டுப் பேர், சிப்பிக்கறி அடைத்துச் சுட்ட ஸ்காலப் பை, வழக்கமான சண்டை. மெரினை நானே கூட்டிப் போனேன். புதியவர் முடிக்கும்வரை அவர் முன்னால் யாரும் கதையைச் சொல்லக் கூடாது. அது நான் போட்ட விதி. அதனால் எல்லோரும் ஸ்காலப் பையை மென்றுகொண்டு அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அவள்தான் ஆரம்பித்தாள். "அந்த மீன்காரக் கிழவி ஒரு சாவி குடுத்தாளே, படகுக் கொட்டகை சாவி. அதத் தெறந்தப்புறம் நீங்கல்லாம் எந்தப் பக்கம் போனீங்க?"

"எந்தச் சாவி?" என்றார் குழுவின் பழைய ஆள் காலின்.

கரையோரம் உட்கார்ந்திருக்கும் கிழவியை எங்கள் எல்லோருக்கும் தெரியும். "இன்னைக்குக் காத்து சரியில்ல" என்பாள். அந்த ஒரே வாக்கியம்தான். இந்த கேமில் எழுத்து எவ்வளவு சோம்பேறித்தனமானது என்பதற்கு நான் மடலில் அவளைத்தான் உதாரணம் காட்டியிருந்தேன். மெரின் தினமும் ஒருமுறை அவளிடம் போய் நின்றிருக்கிறாள். ஏழாவது நாள் கிழவி "உக்காரு" என்றிருக்கிறாள்.

"மொத நாளே வாயத் தெறக்கற கிழவி ஊர்லயே கெடையாதுடி," என்றாள் என்னிடம். "என் பொழப்பே அதுதானே."

காலின் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "கெரின், உன் சுற்றுலாப் பயணி நமக்கு ஊர் சுத்திக் காட்டுறா, பாரு." அடுத்த கூட்டத்தில், தீவில் தேடி அலைவதைப் பற்றி மெரின்தான் பேச வேண்டுமாம். அது என் தலைப்பு. ஆறு வருடமாக என் தலைப்பு.

கார் ஓட்டும்போதுதான் புரிந்தது. கடினமான நிலையில் அந்தக் கரையில் நின்றால் நாய்கள் பாய்ந்துவிடும். அறுநூற்றைம்பது மணி நேரமும் அந்தக் கிழவியைக் கடந்து ஓடியிருக்கிறேன்.

ஜூன் 12, திங்கள். அரசர் பிறந்தநாள் விடுமுறை.

மெரின் வந்து விறகு அடுக்க உதவினாள். நாளைக்கு அந்தப் படகை எடுத்துக்கொண்டு விளக்குக்குப் போகப் போகிறாளாம். முகமெல்லாம் ஒளி.

சொல்லிவிட்டேன். "காவக்காரன் செத்து வருசக்கணக்காச்சு. வெளக்கக் காத்துதான் சுத்துது." அப்புறம் வாயில் கை வைத்துக்கொண்டேன். "ஐயோ, நீ இன்னும் அங்க போகலல்ல?"

கையிலிருந்த விறகை மெதுவாக வைத்தாள். "விடுடி. வாய் தவறிடுச்சு. உனக்குத் தெரிஞ்சது வெளிய வராம எங்க போகும்." டீ குடிக்காமல் போய்விட்டாள்.

வாய் தவறவில்லை. இங்கேயாவது எழுத வேண்டும். முதல் வரிசை விறகு அடுக்கும்போதே மனசுக்குள்ள சொல்லிப் பாத்துட்டேன். என்ன ஜென்மம் நான்?

ஜூன் 15, வியாழன்

பச்சைப் புள்ளி இல்லை.

ஜூன் 19, திங்கள்

இல்லை. இதுதானே வேண்டும் என்றாய்? சந்தோஷமா?

ஜூன் 26, திங்கள்

மெரின் போன் செய்தாள். நேற்றுத்தான் கேமை மறுபடி எடுத்தாளாம். படகில் பாதி தூரம் போனபின், செத்துப்போனவனைப் பார்க்க எதற்குத் துடுப்புப் போட வேண்டும் என்று தோன்றியதாம். படகைத் திருப்பிக்கொண்டு கிழவியிடம் வந்திருக்கிறாள்.

"என்னைப் பாத்து 'உனக்கும் தெரிஞ்சிடுச்சா'ன்னு கேக்குறாடி. அவன் அவ பையன். காத்து சரியில்லேன்னா வெளக்கு சுத்தாதுல்ல? சுத்துனா மேல புள்ள இருக்கான்னு நெனச்சுக்கலாம். வெளக்கு நின்னுபோற நாளத்தான் அவ காத்து சரியில்லங்கிறா." பிறகு சொன்னாள்: "நீ சொல்லலேன்னா நான் திரும்பியே வந்திருக்க மாட்டேன். தேங்க்ஸ்டி."

சோம்பேறி எழுத்து என்று நான் அச்சில் போட்ட வாக்கியம்!

எனக்குக் கெடுக்கக்கூடத் தெரியவில்லை. கெடுத்ததிலிருந்தும் அவளுக்கு ஒரு கதவு திறக்கிறது. நன்றி வேறு சொல்கிறாள். போனை வைத்துவிட்டு, அவள் மேல் வந்த ஆத்திரத்தில் அடுப்படியை இரண்டு முறை துடைத்தேன்.

ஜூலை 3, திங்கள்

புதிதாகத் தொடங்கினேன். எளிய நிலை. எதுவும் கடிக்கவில்லை. கிழவியின் சால்வை பச்சை நிறம் என்பதே இன்றுதான் தெரியும்.

"இன்னைக்குக் காத்து சரியில்ல."

ஜூலை 7, வெள்ளி

நாளைக் கூட்டத்துக்கு எழுதிய பேச்சை மெரின் அனுப்பியிருக்கிறாள். திருத்தித் தர வேண்டுமாம், நூலகக்காரி என்பதால். நன்றாக இருக்கிறது. என்னுடையவற்றைவிட நன்றாக இருக்கிறது. இதை எழுதும்போது கை வலிக்கிறது. மூன்றாம் பக்கத்தில் ஒரு வரி: 'என் தோழி கெரின் வாய் தவறிச் சொன்ன ஒரு சொல்லால்தான் நான் திரும்பி வந்தேன்.' எல்லோரும் என்னைப் பார்த்துக் கை தட்டுவார்கள்.

இரண்டு எழுத்துப் பிழைகளைத் திருத்தினேன். அந்த வரியைத் தொடவில்லை. இப்போதே போன் செய்து அவளிடம் மட்டும் சொல்லிவிடலாம். அவள் 'விடுடி' என்பாள், வரியை எடுத்துவிடுவாள், வேறு யாருக்கும் தெரியாது. ஆனால் புதியவரிடம் கதையைச் சொல்லக் கூடாது என்ற விதியை எல்லோர் முன்னாலும் போட்டவள் நான்.

கிழவிக்கு இன்று ஐந்தாவது நாள். இன்னும் உட்காரச் சொல்லவில்லை.

நாளை மெரின் அந்த வரிக்கு வரும்போது கை தூக்குவேன். வாய் தவறவில்லை என்று சொல்வேன்.