தொடாத கை

இன்று காலை நம் வத்தல் மண்டிக்கு வந்த ஆலங்குளத்து வியாபாரி, குற்றாலத்தில் குளித்த கையோடு வந்திருந்தார். மிளகாய் நெடியையும் மீறி அவர் தலை எண்ணெய் வாசம் வந்தது. அவர் விலை பேசப் பேச, அன்று அருவிக்கரையில் நீ போட்ட சத்தம்தான் என் காதில் கேட்டது. “ஏலே, அவுகளை வெளியே கொண்டாங்கலே! மூச்சு முட்டுது பாரு!”

வாதம் வந்து இடது பக்கம் செயலற்றுப் போன எனக்குச் சொந்தக்காரர்கள் கண்ட வைத்தியம் குற்றாலக் குளியல். கைகாலுக்கு எண்ணெய் தேய்த்து அருவியில் காட்டினால் உணர்ச்சி திரும்புமாம். நாலு பேர் பிடித்தும், தண்ணீர் விழுந்த வேகத்தில் நான் இடுப்பு மடங்கிச் சரிந்தேன். மறுநாளே நீ கார் பிடித்துப் பாளையங்கோட்டை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாய். அங்கே பயிற்சி கொடுத்த அம்மா, “கைகால் இருக்கட்டும், முதலில் உட்காரப் பழகட்டும்” என்றார்.

மகள் கல்யாணம் நெருங்கிக்கொண்டிருந்தது. நான் மணையில் உட்கார்ந்து, முன்னால் குனிந்து, அவள் கையை மாப்பிள்ளை கையில் வைக்கவேண்டும். முடியாவிட்டால் என் தம்பி தாரை வார்க்கட்டும் என்று சொந்தபந்தம் பேசி முடித்துவிட்டது. யார் தயவும் இல்லாமல் கடை போட்டு ஆளானவனுக்கு அது எப்படி இருந்திருக்கும்? உனக்குத்தான் தெரியும்.

வீட்டில் நீ கொடுத்த பயிற்சியில், மல்லாந்து படுத்து, முழங்காலை மடக்கி, இடுப்பைத் தூக்கவேண்டும். அதுகூடப் பரவாயில்லை. பெஞ்சில் உட்கார்ந்து, பாதம் தரையில் பதிய, இடது பக்கம் சாய்ந்து திரும்பி வருவதுதான் பெரும்பாடு. போனால் வரமுடியாது. போனதே தெரியவும் செய்யாது.

“நான் நேராத்தாம்ட்டி இருக்கேன். சுவருதான் சரிஞ்சிருக்கு.”

“ஆமா, கொத்தனாரைக் கூப்பிட்டு நிமித்துவோம். அதுவரைக்கும் நீங்க இங்கன வாங்க.”

என்மேல் உள்ள பிரியத்தில் வீட்டில் எல்லோரும் என்னைச் சுற்றித் தலையணை அடுக்கினார்கள். தண்ணீர், விசிறி எல்லாம் வலது கைக்கு எட்டும்படி வைத்தார்கள். நீ தலையணைகளை உருவினாய். என் மூக்குப்பொடி டப்பாவை இடது பக்கம் தள்ளி வைத்து, “வேணும்னா எட்டி எடுங்க” என்றாய். நான் ஏசாத ஏச்சில்லை. என் அக்கா வாசலில் நின்று, “சீக்காளியைப் போட்டுப் படுத்துதாளே பாவி” என்று அழுதாள்.

“மதினி, தலகாணியா வந்து தாரை வார்க்கும்?” என்றாய்.

முகூர்த்தத்தன்று மணையில் உட்கார்ந்துவிட்டேன். மகள் கையைப் பிடிக்கக் குனிந்தபோது உடம்பு இடது பக்கம் போயிற்று. பின்னால் இருந்த உன் தம்பி பாய்ந்து வந்தான். “தொடாதலே, அவுகளே வருவாக” என்றாய். இடது பாதத்தைத் தரையில் ஊன்றி, மெதுவாகத் திரும்பி வந்தேன். அவள் கை மாப்பிள்ளை கையில் சேர்ந்தது. நீ தண்ணீர் வார்த்தாய். அன்று கல்யாணப் பெண்ணைவிட நான்தான் அதிகம் அழுதேன்.

உன் கருமாதி முடிந்து பந்தியிலிருந்து எழுந்தபோதுதான் உன் தம்பி சொன்னான். “அத்தான், அக்கா ஒரு கையாலதான் தண்ணி வார்த்தா. மத்தக் கை ஒங்க முதுகுக்குப் பின்னாடியே நின்னுது. மேல படல, ஆனா எடுக்கவும் இல்ல.”

எனக்குத் தெரிந்துவிடக் கூடாது என்றுதானே கடைசிவரை சொல்லவில்லை? இப்போதும் விடிந்ததும் தனியாக உட்கார்ந்து இடது பக்கம் சாய்கிறேன். பின்னால் யாரும் இல்லை. ஆனாலும் பயம் வரமாட்டேன் என்கிறது.