மேல்வீட்டுக் குழந்தையும் உன் அம்மாவின் கைகளும்

அன்புள்ள மகளுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம், நீயும் மாப்பிள்ளையும் பேரனும் அப்படியே இருக்க வேண்டும் என்பதுதான் காலையில் கண் விழித்ததும் எனக்கு வருகிற முதல் நினைப்பு. உடம்புக்கு என்று நான் தனியாகச் சொல்லியிருப்பதை நீ பிடித்திருப்பாய், சின்ன வயதிலிருந்தே எதையும் துருவிக் கேட்கிறவள். போன வாரம் போனில், அம்மா ஏன் இரண்டு வார்த்தைக்கு மேல் பேச மாட்டேன் என்கிறாள் என்று கேட்டாய். அவள் பக்கத்திலேயே உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தாள், அதனால் வெயில், அசதி என்று ஏதோ சொல்லி மழுப்பிவிட்டேன். அதுதான் கடையில் ஆள் நடமாட்டம் குறைந்த மத்தியான நேரமாகப் பார்த்து, துடைத்து வைத்த மூக்குக்கண்ணாடிகளை ஓரமாகத் தள்ளிவிட்டு எழுத உட்கார்ந்திருக்கிறேன். நடுவில் யாராவது பிரேம் பார்க்க வந்தால் கையெழுத்து மாறும், கண்டுகொள்ளாதே.

மேல்வீட்டுக் குழந்தையை உனக்கு நினைவிருக்கும். நீ வந்திருந்தபோது உன் பெட்டிக்கு முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்து, ஒவ்வொரு பொருளும் யாருக்கு என்று விசாரணை நடத்தினாளே, அவள்தான். படியில் இறங்கும்போதே பேச ஆரம்பித்து, நம் வீட்டுக்குள் ஒரு சுற்று சுற்றி, பேச்சை முடிக்காமலே மேலே ஏறிப்போவாள், அதனால் நான் அவளுக்கு ரேடியோ என்று பேர் வைத்திருந்தேன். அம்மா டூட்டி முடிந்து வருகிற நேரம் அவளுக்கு அத்துப்படி. அம்மா செருப்பைக் கழற்றுவதற்குள் கீழே வந்து நின்று, இன்னைக்கு எத்தனை பேருக்கு ஊசி போட்டீங்க பெரியம்மா என்று கேட்பாள். அந்தக் குழந்தை இப்போது இல்லை மகளே. எப்படிச் சுற்றி வளைத்தாலும் கடைசியில் இந்த வார்த்தையில்தான் வந்து நிற்க வேண்டும், அதனால் முதலிலேயே எழுதிவிட்டேன். அது நடந்த சமயத்தில் அங்கே பேரனுக்கும் காய்ச்சல் என்று நீ பதறிக்கொண்டிருந்தாய், உன்னிடம் சொல்ல வேண்டாம் என்று அம்மா என்னிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள்.

சாதாரணக் காய்ச்சல் என்றுதான் ஆரம்பித்தது. பிறகு மூச்சு வாங்கியது, நுரையீரலில் சளி கட்டிவிட்டது என்று சொல்லி, அம்மா வேலை பார்க்கிற அதே குழந்தைகள் வார்டில் சேர்த்தார்கள். கீழ்வீட்டு அக்கா அங்கதான் இருக்காங்க, பயமில்ல என்று அவளுடைய அம்மா பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள். மறுநாள் மத்தியானம் அம்மா பக்கத்துக் கட்டிலுக்கு மருந்து கொடுத்துக்கொண்டிருந்தபோது, ரேடியோவுக்கு மூச்சு நின்று, நாடியும் நின்றுவிட்டது. முதலில் ஓடிப்போய் நெஞ்சில் கை வைத்து அழுத்தியது உன் அம்மாதான். டாக்டர்கள் வந்தார்கள், மருந்து ஏற்றினார்கள், தொண்டையில் குழாய் போட்டார்கள். அம்மா அழுத்திக்கொண்டே இருந்தாள். போதும் என்று அவள் தோளைப் பிடித்து யாரோ விலக்க வேண்டியிருந்ததாம். அன்று சாயங்காலம் மேல்வீட்டில் அவர்களோடு உட்கார்ந்திருந்துவிட்டுக் கீழே வந்தவள், யூனிஃபாரத்தைக்கூட மாற்றாமல் சமையலறை ஸ்டூலில் உட்கார்ந்தாள். நான் தேநீர் போட்டுக் கொடுத்தேன், அது ஆறி ஆடை கட்டியது. "ரொம்பச் சின்ன நெஞ்சுங்க அது" என்று மட்டும் சொன்னாள்.

இதோடு முடிந்திருந்தால் அழுது தீர்த்திருப்போம். சில நாள் கழித்து அந்த வார்டின் தலைமை டாக்டரம்மா எல்லோரையும் ஒரு அறையில் உட்கார வைத்திருக்கிறார். நெஞ்சை அழுத்தும்போது குழந்தையின் மார்பில் ஒரு பட்டை ஒட்டுகிறார்களாம், ஒவ்வொரு அழுத்தமும் எவ்வளவு ஆழம், எவ்வளவு வேகம், நடுவில் எங்கே நின்றது என்று மெஷின் பதிந்துகொள்கிறது. அதைத் திரையில் போட்டுக் காட்டியிருக்கிறார். அழுத்தம் போதுமான ஆழம் போகவில்லை. மெத்தை மிருதுவானது, அழுத்தினதில் ஒரு பங்கை மெத்தையே வாங்கிக்கொண்டது, முதுகுக்கு அடியில் வைக்கிற பலகை அலமாரிக்குப் பின்னால் இருந்தது, எடுக்க யாருக்கும் தோன்றவில்லை. கை ஓய ஓய உடம்புப் பாரம் நெஞ்சின் மேலேயே தங்கிவிட்டது, அம்மாவை மாற்றிவிட்டு இன்னொருவர் வந்திருக்க வேண்டும், வரவில்லை. குழாய் போடுவதற்காக அழுத்தத்தை நிறுத்திய நேரம் ரொம்ப அதிகம். "நிறுத்தச் சொன்னது நான், அதனால இது என் கணக்குல எழுதுங்க, இங்க யாரையும் குத்தம் சொல்ல உக்காரல" என்று டாக்டரம்மாவே சொன்னாராம். இதெல்லாம் சரியாக இருந்திருந்தால் குழந்தை பிழைத்திருக்குமா என்று ஒரு நர்ஸ் கேட்டிருக்கிறாள். தெரியாது, நோய் அந்த அளவுக்கு முற்றியிருந்தது, ஆனால் தெரியாது என்று சொல்லிவிட்டு நாம் சும்மா இருந்துவிட முடியாது என்றாராம். அந்தத் தெரியாது என்கிற ஒரு வார்த்தைதான் உன் அம்மாவை அரித்துக்கொண்டிருக்கிறது.

முன்பெல்லாம் இந்தப் பயிற்சி எப்போதாவது ஒரு நாள் பெரிய ஹாலில் நடக்கும், பேச்சைக் கேட்டு, பொம்மையை நாலு அழுத்து அழுத்தி, சான்றிதழ் வாங்கிக்கொண்டு வருவார்கள். இப்போது பொம்மை வார்டிலேயே ஒரு தள்ளுவண்டியில் குடியிருக்கிறது. வாராவாரம் வேலைக்கு நடுவிலேயே ஒவ்வொருவரும் கொஞ்ச நேரம் அதை அழுத்திக் காட்ட வேண்டும். சரியாகச் செய்தால் பச்சை விளக்கு, ஆழம் குறைந்தாலோ கையை முழுக்கத் தூக்காவிட்டாலோ மஞ்சள். இத்தனை வருஷம் சர்வீஸ் போட்ட உன் அம்மாவுக்கு முதல் வாரம் பச்சை எரியவே இல்லை. பொம்மை சரியில்லை என்று வீட்டுக்கு வந்து சொன்னாள். என் கடைக்கு வருகிறவர்களும் எழுத்து மங்கலாகத் தெரிந்தால் கண்ணாடி சரியில்லை என்றுதான் சொல்வார்கள் என்று நான் வாய் தவறிச் சொல்லிவிட்டேன். முறைத்தாள், பிறகு அவளே, ஆமாங்க என்றாள். அதிலிருந்து நம் சோபா மெத்தைக்குத்தான் சோதனை. கீழே தரையில் போட்டு, முட்டி போட்டு உட்கார்ந்து அழுத்துவாள், முழங்கை மடங்குகிறதா என்று பார்த்துச் சொல்வது என் வேலை. மணிக்கட்டு வீங்கிவிட்டது, தைலம் தேய்த்துவிட்டேன். தேய்க்கும்போது ஒருநாள் சொன்னாள், "குழந்தையாச்சேன்னு பயந்து பயந்து அழுத்தறோம். நெஞ்சு மூணுல ஒரு பங்கு உள்ள போகணும், அப்புறம் முழுசா மேல வர விடணும், அப்பத்தான் இதயத்துல ரத்தம் திரும்ப ரொம்பும். எலும்புக்குப் பாத்தா உயிரு போயிடும்" என்றாள். ஒருநாள் சாயங்காலம் வந்து, இன்னைக்குப் பூராவும் பச்சையா எரிஞ்சுதுங்க என்றாள். நான் சபாஷ் என்று சொல்ல வாயெடுப்பதற்குள் முகத்தைப் பொத்திக்கொண்டு அழ ஆரம்பித்துவிட்டாள்.

அந்தச் சமயத்தில்தான் ரேடியோவின் அம்மா ஒருநாள் படிக்கட்டில் அம்மாவை நிறுத்தி, "அக்கா, ஒண்ணே ஒண்ணு கேக்கணும், அன்னைக்கு எல்லாம் சரியாத்தான பண்ணீங்க" என்று கேட்டாள். நான் கதவுக்கு உள்ளே நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். ஆமாம் என்று சொல்லிவிடு, சொல்லிவிடு என்று மனசுக்குள் கெஞ்சினேன். அம்மா அவளைப் படியிலேயே உட்கார வைத்துத் தானும் உட்கார்ந்தாள். "எங்களுக்குத் தெரிஞ்ச வரைக்கும் பண்ணோம்மா, ஆனா சரியா பண்ணலன்னு அப்புறம் தெரிஞ்சுது, என் கையும் அதுல ஒண்ணு. சரியா பண்ணியிருந்தாலும் வந்திருப்பாளான்னு யாருக்கும் தெரியாது. நானே உங்கிட்ட இதச் சொல்லணும்னு இருந்தேன், டாக்டரம்மாகிட்டயும் சொல்லிட்டேன், ரெண்டு பேரும் எப்ப வேணா வந்து கேளுங்க, அவங்களே உக்காந்து சொல்வாங்க" என்றாள். அந்தப் பெண் எழுந்து மேலே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அன்று நான் உன் அம்மாவோடு பெரிய சண்டை போட்டேன், பெற்றவள் எப்படியாவது மனசைத் தேற்றிக்கொள்ள ஒரு பிடி தேடினால் அதையும் பிடுங்கிவிட்டாயே என்று கத்தினேன். "பொய்யப் பிடிச்சிட்டு எவ்வளவு நாள் நிப்பா" என்று கேட்டாள். புருஷனும் பெண்டாட்டியும் போய் டாக்டரம்மாவைப் பார்த்துப் பேசிவிட்டு வந்ததாகப் பிறகு கேள்விப்பட்டோம். ஆனால் எங்களுக்கு முகம் கொடுப்பதில்லை. அம்மா வீட்டுக்கு வருகிற சத்தம் கேட்டால் மேலே கதவு மூடும். வேலையை விட்டுவிடட்டுமா என்று அம்மா என்னிடம் கேட்டது அப்போதுதான். நான் சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை, இன்னும் கொஞ்ச நாள் பார் என்றேன்.

போன மாதம் வார்டில் இன்னொரு குழந்தைக்கு, தவழ்கிற வயசுப் பையன், அதே மாதிரி ஆகிவிட்டது. பக்கத்தில் நின்றதும் அம்மாதான். இந்த முறை கை நீட்டுவதற்குள் பலகை வந்தது, அழுத்துகிறவர் ஓய்வதற்கு முன்பே அடுத்தவர் தயாராக நின்றார், திரையைப் பார்த்து ஒருவர், இன்னும் ஆழம், கையத் தூக்கு என்று சத்தமாகச் சொல்லிக்கொண்டே இருந்தாராம். குழந்தைக்கு நாடி திரும்பி வந்தது. சில வாரம் ஆஸ்பத்திரியில் இருந்து, இப்போது வீட்டுக்கும் போய்விட்டது, பொருளைக் கையில் பிடிக்கிறது, ஆள் தெரிந்து சிரிக்கிறது. அன்று அம்மா வீட்டுக்கு வந்த கோலத்தைப் பார்த்து நான் வேறு மாதிரி பயந்துவிட்டேன். சந்தோஷமான சேதி என்று அவள் சொன்ன பிறகுதான் தெரிந்தது. சொல்லிவிட்டு, "இது அன்னைக்கே தெரிஞ்சிருக்கக்கூடாதா" என்றாள். ஒரு பிள்ளை பிழைத்த நாளில் அப்படி அழுகிறவளை நான் பார்த்ததில்லை.

சேதி எப்படியோ மேலே போயிருக்கிறது. போன வெள்ளிக்கிழமை கதவு தட்டும் சத்தம் கேட்டுத் திறந்தால் ரேடியோவின் அம்மா நிற்கிறாள். உள்ளே வந்தாள், உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. அம்மாவைப் பார்த்து, "அந்தக் கொழந்தையோட அம்மா அழுதாங்களாக்கா" என்று கேட்டாள். அழுதாங்க என்றாள் அம்மா. "சந்தோஷத்துலயா" என்றாள். ஆமாம்மா என்றாள் அம்மா. அவள் வாசல் பக்கம் திரும்பினாள். பிறகு, "நல்லா அழட்டும்" என்று சொல்லிவிட்டு மேலே போய்விட்டாள். அவ்வளவுதான். மாதக் கடைசியில் வீட்டைக் காலி செய்கிறார்களாம், அந்த அறையில் தூங்க முடியவில்லை என்று வீட்டுக்காரரிடம் சொல்லியிருக்கிறார்கள். அம்மா வேலையை விடுகிற பேச்சை எடுப்பதில்லை. புதிதாகச் சேர்ந்த நர்சுகளுக்குப் பொம்மைப் பயிற்சி சொல்லிக் கொடுக்கிற பொறுப்பை டாக்டரம்மா இப்போது இவளிடம் கொடுத்திருக்கிறார். திட்டாமல் சொல்லிக் கொடுக்கிறாளாம், உனக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்த அழகை நினைத்தால் எனக்கு நம்பிக்கை வரவில்லை.

நீ அடுத்த முறை போன் செய்யும்போது, உன் மேல தப்பில்லம்மா என்று மட்டும் சொல்லிவிடாதே, அதை எல்லோரும் சொல்லிவிட்டோம், அவள் காதில் ஏறவில்லை. ரேடியோவைப் பற்றிக் கேள். அவள் என்ன பேசுவாள், எப்படி நடப்பாள் என்று கேள். இங்கே யாரும் அந்தப் பேச்சை எடுப்பதில்லை, மனசு நோகும் என்று நானும் எடுக்காமல் இருந்துவிட்டேன், அம்மா அதைப் பேச ஆளில்லாமல் இருக்கிறாள். இன்னொன்று, உங்கள் ஊரில் பெற்றவர்களுக்கு இந்தப் பயிற்சி கட்டாயம் கிடைக்கும், நீயும் மாப்பிள்ளையும் போய்க் கற்றுக்கொள்ளுங்கள். வெறும் பேச்சு கேட்டுவிட்டு வராதே, சரியா தப்பா என்று காட்டுகிற பொம்மையில் பழகு, ஒரு தடவையோடு விட்டுவிடாதே, கை மறந்துபோகும் என்று அம்மா சொல்கிறாள். வார்டில் சனிக்கிழமை வெளி ஆட்களுக்கும் சொல்லிக் கொடுக்கிறார்கள் என்று நானும் போனேன், கடை ஷட்டரை ஒரு கையால் இழுக்கிறவன் என்ற என் மிதப்பெல்லாம் அந்தப் பொம்மையிடம் மஞ்சளாகத்தான் எரிந்தது. மறுபடியும் போவேன்.

பேரனைக் குளிர்காற்றில் வெளியே விடாதே. நீயும் நேரத்துக்குச் சாப்பிடு, வேலை எங்கேயும் ஓடிவிடாது. நீங்கள் மூவரும் நோய் நொடி அண்டாமல் நீண்ட காலம் நன்றாக இருக்க வேண்டும், எங்கள் ஆயுளிலும் கொஞ்சம் பேரனுக்குப் போய்ச் சேரட்டும். ஞாயிற்றுக்கிழமை அம்மாவுக்கு டூட்டி இல்லை, மறக்காமல் கூப்பிடு. நான் பேப்பர் வாங்கப் போவது போல வெளியே போய்விடுகிறேன், நீங்கள் இரண்டு பேரும் பேசுங்கள்.

எப்போதும் உன் நினைவோடு,
அப்பா